அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்

காலி செய்வதாகச் சொன்ன மாதத்திலிருந்து வாடகை வராது. சென்னையில் வீடு வாடகைக்கு விடுகிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று குடித்தனக்காரர் போனில் சொல்லிவிடுவார். வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், ஆனாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். குடித்தனக்காரர்களைக் கேட்டால் அவர்களிடம் வேறு கதை இருக்கும். சாவியை ஒப்படைத்த அன்று பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ஆடுகிற குழாய்க்கு ஆயிரம், ஈபி பாக்கிக்கு ஒரு தொகை என்று பிடித்துக்கொண்டு, மிச்சத்தை "அடுத்த பார்ட்டி வந்ததும் தரேன்" என்று சொன்ன ஓனரின் கதை அது. இவர் அப்படிச் செய்வார் என்று பயந்து அவர் முந்திக்கொள்கிறார். அவர் முந்திக்கொள்வார் என்று தெரிந்து இவர் முதல் நாளே கூடுதலாக அட்வான்ஸ் கேட்கிறார்.

வாடகைத் தகராறுகளை நீதிமன்றம் போகாமல் தீர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள் சமரசம், மத்தியஸ்தம் என்று தொடங்குவது வழக்கம். நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் தீர்வு முறை மேலே சொன்ன கழித்தலும் பிடித்தலும்தான். வக்கீல் இல்லை, கட்டணம் இல்லை, ஒரே நாளில் முடிகிறது. நியாயம் மட்டும் கையில் பணம் வைத்திருப்பவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பணயமாக இருக்கிறது, குடித்தனக்காரரிடம் வீடு பணயமாக இருக்கிறது. இந்த இரண்டு பணயங்களும் எப்படி இவ்வளவு பெரிதாயின என்று பார்க்காமல், வெளியே தீர்த்துக்கொள்ளும் வழிகளில் எது எடுபடும், எது எடுபடாது என்று சொல்ல முடியாது.

போர்க்காலத்து வீட்டுப் பற்றாக்குறையில் பிறந்தது இங்கத்திய வாடகைக் கட்டுப்பாடு. 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு, 1960-இல் வந்த கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நின்றது. தெரிந்தே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது என்று எண்ணி வைத்த காரணங்களுக்காக மட்டுமே ஒருவரை வெளியேற்றலாம். வாடகையை நியாய வாடகை என்ற கணக்கின்படி அதிகாரி நிர்ணயிக்கலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் குடித்தனக்காரர் மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு அனுப்பிவைக்கலாம் என்பதுவரை அந்தச் சட்டம் யோசித்திருந்தது. வலுவில்லாதவரைக் காக்க எழுதிய சட்டம்தான். ஆனால் வழக்குகள் கீழே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, மேலே முறையீடு, அதற்கும் மேலே உயர் நீதிமன்றச் சீராய்வு என்று ஏறி இறங்கின. ஆர்.சி.ஓ.பி. என்று வக்கீல்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த மனுக்களில், அப்பா போட்டதை மகன் நடத்திய கதைகள் திருவல்லிக்கேணியிலும் பாரிமுனையிலும் ஏராளம்.

அதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த மருந்துதான் பத்து மாத அட்வான்ஸ். நீதிமன்றத்தால் காலத்தில் வீட்டை மீட்டுத்தர முடியாது என்றால் மீட்டுத்தரும் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? பதினொரு மாத ஒப்பந்தமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆகவே முத்திரைத்தாளில் பதினொரு மாதம். அதையும் இரண்டாம் ஆண்டில் யாரும் புதுப்பிப்பதில்லை. நான் குடியிருந்த வீடுகளில் ஒன்றில் முதல் ஒப்பந்தத்தின் தேதிக்கும் நான் சாவி கொடுத்த தேதிக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். இடையில் வாடகை நான்கு முறை ஏறியது. நான்கும் மாடிப்படியில் நின்று பேசி முடித்தவை.

பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டம். நிலஉரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் கடமைகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகைத் தொகையில் அரசு தலையிடுவதை இது விட்டுவிட்டது. இரு தரப்பும் எழுதிக்கொண்டதே வாடகை. பதிலுக்கு, எழுதிக்கொண்டே ஆக வேண்டும், எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். சென்னையில் பழைய ஆர்.சி.ஓ.பி.க்கள் நடந்த சிறு வழக்குகள் நீதிமன்ற வளாகத்திலேயே இப்போது ஆர்.எல்.டி.ஓ.பி. என்ற பெயரில் புது மனுக்கள் நடக்கின்றன. எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதையும், வாடகை குறித்து இருவருக்கும் உடன்பாடு ஏற்படாததையும் வெளியேற்றுவதற்கான காரணங்களாகவே இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. குடித்தனக்காரர்களில் பலர் இதை இன்னும் அறியவில்லை. "பத்து வருஷமா இருக்கேன், என்னை அசைக்க முடியாது" என்று பழைய சட்டத்தின் தைரியத்தில் பேசுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நம் விஷயத்துக்கு வேண்டியவை இந்தச் சட்டத்தில் இரண்டு. முதலாவது, அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் வேறு உடன்பாடு இருந்தாலன்றி என்ற வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது. வால்தான் பல இடங்களில் உடலை ஆட்டுகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மிச்சத்தைத் தந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது, சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கும் பராமரிப்புப் பட்டியல். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய்ப் பாதைகளை மாற்றுவது, வயரிங், கட்டட அமைப்பு சார்ந்த பழுது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், கண்ணாடி, கொசுவலை, கழிவறைச் சில்லறைப் பழுது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் கணக்கு. ஒரு மாத வாடகையை பெயிண்டிங்குக்கு என்று பிடிக்கும் வழக்கம் இந்தப் பட்டியலுக்கு நேர் எதிரானது. அதனால்தான் அச்சடித்து விற்கும் ஒப்பந்தப் படிவங்களில் பெயிண்டிங் வரி தவறாமல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் வீடு கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியைப் படிப்பதில்லை.

அட்வான்ஸுக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை வருவது மின்கட்டணத்தில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பல நேரம் இருவருமே யோக்கியர்களாக இருந்தும் சண்டை வருகிறது. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் உள்ள ஏற்பாடு. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையே மாறிவிடும். இப்போது ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 180 யூனிட் எரிக்கிறார்கள். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் ஆளுக்கு 100 இலவசம், மிச்சம் 80 யூனிட்டுக்கு அடிப்படி விலை. ஒரே இணைப்பில் மொத்தம் 540. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 100 யூனிட்தான் இலவசம், மற்றதெல்லாம் மேல்படி விலையில். வந்த பில்லை அப்படியே மூன்றாகப் பிரித்தாலும், "நான் எரித்தது 180தானே, ஏன் இவ்வளவு?" என்று குடித்தனக்காரர் கேட்பார். அவர் கேட்பது சரி. "நான் ஒரு பைசா கூட வாங்கவில்லை" என்று வீட்டுக்காரர் சொல்வார். அதுவும் சரி. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலையாக வாங்குகிறவர்கள் விஷயம் வேறு, அவர்கள் சிலருக்கு அது ஒரு வருமானம். இந்தக் கணக்கை பில்லோடு ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே நிற்கும். மீதிப் பாதிக்கு இன்னொரு இணைப்பு வாங்குவதைப் பற்றிப் பேச்சுத் தொடங்கும்.

தண்ணீர் லாரிக் காசு, மோட்டார் போடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர், மீன் வாசனை. இவை எல்லாம் தனியாக வழக்காகாது. வழக்கான பிறகு பார்த்தால் எல்லா வழக்குக்கும் அடியில் இவற்றில் ஒன்று கிடக்கும்.

காலி செய்யும் தேதி மட்டும் நம் ஊரில் தனி ரகம். ஆடியில் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி ஏப்ரலில் முடிந்து ஜூனில் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதியிருப்பார்கள். அது ஜூலை 31-இல் முடிந்தால் ஆடியின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தும். தாளில் உள்ள தேதிக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே சிக்கிய தகராறுகள் எத்தனையோ. நீதிமன்றத்துக்கு ஆடி மாதம் தெரியாது. நடுவே உட்காருகிறவருக்குத் தெரியும்.

அப்படி நடுவே உட்காருகிறவர் யார்? பழைய நாட்களில் தெருவில் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், மளிகைக்கடைக்காரர், ஒண்டுக் குடித்தன வீட்டின் மூத்த அம்மாள். இப்போது அந்த இடத்தில் புரோக்கர் இருக்கிறார். அவரை ஏளனமாகப் பேசுவது வழக்கம், ஆனால் இரு தரப்பையும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு என்ன வாடகை போகிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். வாடகை உயர்வுத் தகராறில் அவர் சொல் எடுபடும். அட்வான்ஸ் தகராறில் எடுபடாது, அடுத்த குடித்தனக்காரரைக் கொண்டுவந்தால் அவருக்கு ஒரு மாதக் கமிஷன் வரும் என்பது இருவருக்கும் தெரியும். அடுக்குமாடிச் சங்கங்கள் இந்த வேலையை எடுத்திருக்கலாம். பெரும்பாலான சங்கங்களில் வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டே இல்லை, ஆகவே அவரிடம் சங்கம் நடுநிலை என்று சொன்னால் சிரிப்பார்.

காவல் நிலையம் அடுத்த கதவு. அங்கே மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அடிதடி, மிரட்டல், பூட்டை உடைத்தல் என்றால் போக வேண்டிய இடம் அதுதான். அட்வான்ஸையும் வாடகை பாக்கியையும் அங்கே தீர்த்துக்கொள்வது வேறு விஷயம். சிவில் தகராறில் போலீஸ் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று உயர் நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. அந்த நாற்காலியின் எதிரில் எழுதிக்கொடுத்த உடன்பாட்டைப் பயத்தில் எழுதினேன் என்று மறுநாளே மறுக்கலாம். கட்டப்பஞ்சாயத்து அதன் இன்னொரு முகம். வழக்குப் போட்டால் எட்டு வருடம், எங்களிடம் வந்தால் எட்டு நாள் என்பதுதான் அதன் விளம்பரம். அதன் சம்பளம் பல நேரம் வீட்டிலேயே ஒரு பங்கு. பஞ்சாயத்தில் இரு தரப்பும் தாங்களாக வந்து உட்காருகிறார்கள், எழுந்து போகவும் முடியும். கட்டப்பஞ்சாயத்தில் எழுந்து போக முடியாது.

வக்கீல் நோட்டீஸ் பற்றி ஒரு வார்த்தை. அதை முதல் படியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எழுதும் பாணி அப்படி. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு, என் கட்சிக்காரருக்குப் பெருத்த மன உளைச்சலை உண்டாக்கி என்றெல்லாம் தபாலில் வந்து இறங்கினால், அதுவரை மாடிப்படியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் சாதாரணத் தமிழில், தொகையையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், பின்னால் அது சாட்சியமாகவும் நிற்கும்.

இனி, சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் ஆணைக்குழு, வட்டந்தோறும் குழு. வழக்கே போடாமல், வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மக்கள் நீதிமன்றத்தில் முடிவான தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. பணம் தராவிட்டால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். தெருப் பஞ்சாயத்தில் கிடைக்காதது இதுதான். இலவச அழைப்பு எண் 15100. இவ்வளவு இருந்தும், எனக்குத் தெரிந்த குடித்தனக்காரர்களில் இந்த வாசலை மிதித்தவர் ஒருவர்கூட இல்லை. வழக்கு உள்ளவர்களுக்கான இடம் என்றே அதை நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கதவு சமரச மையம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிபதிக்கு வழி செய்தது. 2002-இல் அது நடைமுறைக்கு வந்தபோது எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் சேலம் வழக்கறிஞர் சங்கத்தினர். அந்த வழக்கில் வந்த தீர்ப்புகள்தான் இந்தியா முழுவதும் சமரச விதிகளுக்கு அடித்தளம் ஆயின. எதிர்ப்பதற்காகப் போட்ட வழக்கு கடைசியில் அந்த முறையையே நிலைநாட்டிக் கொடுத்தது. 2005 ஏப்ரல் 9-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முன்னோடி. அந்தத் தேதியை இன்றும் மாவட்ட நீதிமன்றங்களில் சமரச தினமாகக் கொண்டாடுகிறார்கள். எந்தெந்த வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் ஒரு பட்டியல் கொடுத்தது. அதில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் தகராறு பெயர் சொல்லி இடம்பெறுகிறது.

மக்கள் நீதிமன்றத்துக்கும் சமரச மையத்துக்கும் உள்ள வேறுபாட்டை நடைமுறையில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னது கூட்டம். ஒரே நாளில் வரிசையாக வழக்குகள், மேசைக்குப் பின்னால் ஒரு நீதிபதியும் ஒன்றிரண்டு உறுப்பினர்களும். "ஐம்பதாயிரம் கேட்கிறார், நாற்பதுக்கு முடிச்சுக்குங்களேன்" என்ற வேகம். தொகை மட்டுமே தகராறு என்றால் அது போதும். சமரச மையத்தில் தனி அறை உண்டு, ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியாகப் பேசுவார்கள், அங்கே சொன்னதைப் பின்னால் வழக்கில் எடுத்துக்காட்ட முடியாது. வெளியில் சொல்லத் தயங்கும் காரணம் அங்கேதான் வெளிவரும். வீட்டை விற்கப்போகிறேன் என்பதோ, மகனுக்கு வேலை போய்விட்டது, இரண்டு மாதம் வாடகை தர முடியாது என்பதோ. 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் வழக்குக்கு முன்பே சமரசம், ஒரு பகுதி மக்களுக்குள் வரும் பூசல்களுக்குச் சமுதாய மத்தியஸ்தம் என்று வாசலை இன்னும் அகலமாக்கப் பார்க்கிறது. சமுதாய மத்தியஸ்தத்தில் ஏற்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்புப் போல நிறைவேற்ற முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மோட்டார் போடும் நேரத்துக்கு அது போதும். அட்வான்ஸுக்குப் போதாது.

நடுவர் தீர்ப்பு என்றொரு வழியும் உண்டு. ஒப்பந்தப் படிவங்களில் தகராறு வந்தால் ஒரு தனி நடுவரிடம் விடப்படும் என்ற வரியை இப்போது நிறையப் பார்க்கிறேன். அதை நம்ப வேண்டாம். வாடகைச் சட்டத்தின்கீழ் தனி மன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்ட தகராறுகள் நடுவர் தீர்ப்புக்கு உட்படாது என்று 2020 டிசம்பரில் வித்யா துரோலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொத்து மாற்றுச் சட்டத்தின்கீழ் மட்டும் வரும் குத்தகைகளுக்கு அது செல்லும். நம் குடியிருப்பு வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்த வரி வெறும் அலங்காரம்.

பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான மத்தியஸ்த சபைகள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சொத்து, கடன், சேதத் தகராறுகளை முதலில் அங்கே கொண்டுபோயாக வேண்டும். தீரவில்லை என்று சபை சான்றிதழ் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். மூன்று பேர் உட்காருவார்கள், பட்டியலிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. வக்கீல்கள் வாதாட முடியாது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் போன்ற ஊர்க்காரர்கள் அங்கே மத்தியஸ்தர்கள். நம் சட்டப் பணிகள் குழுவில் எல்லாம் இருந்தும் ஆள் வராததற்கும் அங்கே ஆள் வருவதற்கும் காரணம் அந்தச் சான்றிதழ்தான் என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பு வராவிட்டால் நம் குழு கையைப் பிசைந்துகொண்டு கோப்பை மூடிவிடும். அட்வான்ஸை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் எதற்காக வர வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நேரடியான பதிலை இங்கிலாந்தில் பார்க்கலாம். 2007 ஏப்ரல் முதல் அங்கே வீட்டுக்காரர் முன்பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். இப்போது அதற்கான கெடு முப்பது நாள். சேர்க்கத் தவறினால் முன்பணத்தைப் போல மூன்று மடங்குவரை அபராதம். காலி செய்யும்போது தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாக ஒரு தீர்ப்பாளரை வைக்கும். யாரும் நேரில் போக வேண்டியதில்லை. புகைப்படம், குடிவந்த அன்று எழுதிய பொருள்பட்டியல், ரசீது ஆகியவற்றைப் பார்த்து முடிவு சொல்வார். பணம் குடித்தனக்காரருடையது என்பதுதான் தொடக்கப் புள்ளி, பிடிக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே முன்பணம் ஓர் அரசு வாரியத்தின் கையில் இருக்கிறது. இந்த ஊர்களின் மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதில்லை. பணயம் மூன்றாவது கைக்குப் போனதும் முரண்டு பிடிப்பதால் யாருக்கும் லாபமில்லாமல் போகிறது.

நம்மிடம் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அதிகாரியும் இணையதளமும் இருக்கின்றன. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பதிவு எண் தருகிறார்கள். அதே இடத்தில் மூன்று மாத அட்வான்ஸையும் வங்கிக் கணக்கில் வாங்கி வைத்தால் என்ன என்பது என் கேள்வி. வீட்டுக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும், எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. அட்வான்ஸ்தான் அவர்களுடைய ஒரே பிடி. வீட்டை விரைவில் மீட்டுத்தரும் மன்றம் ஒழுங்காக நடந்தால்தான் அந்தப் பிடியை விடுவார்கள். 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதம் என்று முன்பணத்தை இன்னும் குறைத்தது. அதுவும் பணத்தை வீட்டுக்காரர் கையிலேயேதான் விட்டுவைத்தது.

எல்லாத் தகராறும் சமரசத்துக்கு உரியது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரை நிறுத்தினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புதுச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டால் உடனே திருப்பித்தர இடைக்கால உத்தரவு வாங்கலாம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் அறிவிப்பில்லாமல் வந்து நிற்கும் உரிமையாளரோடு சமரசம் பேசுவது, அவர் வந்து நின்றதையே பேரத்துக்கு உரிய பொருளாக்குவதாகும். சட்டம் 24 மணி நேர முன்னறிவிப்புக் கேட்கிறது, அதில் பாதியை விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. சாதி கேட்டு, மதம் கேட்டு, சமையல் கேட்டு வீடு மறுக்கப்படுகிறவரின் பிரச்சினை இந்தக் கட்டுரைக்குள்ளேயே வராது. அவர் இன்னும் குடித்தனக்காரர் ஆகவில்லை. அவருக்கு எந்த மன்றமும் இல்லை, சமரச மையமும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பேசுகிறோம் பேசுகிறோம் என்று காலம் போய்விடுவதும் உண்டு. அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட காலவரம்பு மூன்று ஆண்டு. "பொங்கலுக்குத் தரேன்" என்பதை மூன்று பொங்கல் நம்பினவர்கள் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நங்கநல்லூரில் ஒரு தகராறில் நான் நடுவே உட்கார்ந்தேன். குடித்தனக்காரர் என் உறவினர், வீட்டுக்கார அம்மாள் என் உறவினருக்குப் பத்து வருடப் பழக்கம், அவ்வளவுதான் என் தகுதி. அம்மாள் பெயிண்டிங்குக்கு முப்பதாயிரம் பிடிப்பேன் என்றார். இவர் கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்கவில்லை. இருவரும் முதல் ஒரு மணி நேரம் சுவரில் இருந்த ஈரத்தைப் பற்றியே பேசினார்கள். மேல் குழாயில் கசிவு என்று இவர் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், படம் இருந்தது. கசிவு வீட்டுக்காரர் கணக்கு, ஆணி அடித்த ஓட்டைகள் இவர் கணக்கு என்று பிரித்தபோது முப்பது பன்னிரண்டாக இறங்கியது. அதற்கு மேல் நகரவில்லை. பிறகு காபி வந்தது. காபி குடிக்கும்போது அம்மாள் சொன்னார், அடுத்து வருகிறவர்கள் ஆவணி பிறந்துதான் பால் காய்ச்சுவார்களாம், ஆடி முழுக்க வீடு பூட்டித்தான் கிடக்கும் என்று. என் உறவினர் நிமிர்ந்து பார்த்தார். அவர் போகிற புது வீட்டுக்கும் ஆடியில் போக முடியாமல், சாமான்களை எங்கே போடுவது என்று அவர் மனைவி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடிக்குப் பாதி வாடகை என்று முடிந்தது. பன்னிரண்டாயிரத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேரம் பேசவில்லை.

அன்றே எழுதினோம். பாக்கி வாடகை இவ்வளவு, ஆடிக்கு இவ்வளவு, பெயிண்டிங்குக்கு இவ்வளவு, போக அட்வான்ஸில் மிச்சம் இவ்வளவு. அதில் பாதி இன்று வங்கி மூலம், பாதி சாவி கொடுக்கும் அன்று. சாவி கொடுக்கும் தேதி ஆவணி ஒன்று. தேதி தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும், மீட்டரில் அன்றைய ரீடிங் பார்த்துத்தான் ஈபி கணக்கு என்பதையும் சேர்த்தோம். இதோடு இருவருக்கும் வேறு பாக்கி இல்லை என்று ஒரு வரி. இரண்டு பிரதி, இரண்டு சாட்சி. அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, பூசையறை அலமாரிச் சாவி தனியாக ஒன்று உண்டு, அதையும் எழுதச் சொன்னார். ஓரத்தில் எழுதி இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள்.